மொத பொட்டியே போச்சுன்னா

செப்டம்பர் 9, திங்கள்

வாஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாய் மறுபடி கழன்றுவிட்டது. அரை மணி நேரம் தரையைத் துடைத்ததில் கல்லூரிப் பேருந்து போய்விட்டது. நாமக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம். துறைத்தலைவர் ஞானசேகர் சார் வராந்தாவில் நின்றிருந்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

அவர் துறைத்தலைவர் மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. என் பிஎச்.டி. நெறியாளரும் அவர்தான். ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியின் சுருக்க அறிக்கையை ஜூலையில் அவர் மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்து விழுந்தால்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகும். இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதன் மேல் ஒரு டப்பா இனிப்பு வைத்திருக்கிறார்.

இன்று இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் ஐந்தாம் பயிற்சியை ஆரம்பித்தேன். லிங்க்டு லிஸ்ட். பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண் இருக்கும், பக்கத்தில் அடுத்த பெட்டியின் முகவரி இருக்கும். தனக்கு முன்னால் இருக்கும் பெட்டி எது என்று எந்தப் பெட்டிக்கும் தெரியாது. முதல் பெட்டியின் முகவரி நம் கையில் இருக்கும்வரை கடைசிவரை நடந்து போகலாம். பயிற்சி இதுதான்: ஓர் எண்ணைச் சொன்னால், அந்த எண் இருக்கும் பெட்டிகளை எல்லாம் நீக்கிவிட்டு மீதியைத் திரும்பக் கோத்துக் காட்ட வேண்டும். நீக்க வேண்டியது முதல் பெட்டியாகவே இருந்துவிட்டால் பாதி வகுப்பு தடுக்கி விழும். வருடா வருடம் பார்க்கிறேன்.

20ஆம் தேதிக்குள் எல்லோரும் கல்லூரி இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று சொன்னேன்.

செப்டம்பர் 12, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரோகிணி வந்தாள். சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற பெண். அரசுப் பெண்கள் பள்ளி, பன்னிரண்டு வரை தமிழ் வழி. அப்பாவுக்குக் கோழிப் பண்ணையில் வேலை. முதல் ஆண்டில் என் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவோடு ஆய்வகத்துக்கு வந்துவிடுகிறாள்.

நோட்டில் பென்சிலால் பெட்டிகள் வரைந்திருந்தாள். அம்புக்குறி போட்டு, அழித்து, திரும்பப் போட்டு, தாள் ஓட்டையாகிவிட்டது. ப்ரோக்ராமைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். முதல் பெட்டியின் முகவரிக்கு எல்லோரும் 'ஹெட்' என்று எழுதும் இடத்தில் ஆங்கில எழுத்தில் 'தலை' என்று எழுதியிருந்தாள். 'நெக்ஸ்ட்' இருக்க வேண்டிய இடத்தில் 'அடுத்து'.

"ஏன் இப்படி?"

"இங்கிலீஷ்ல வெச்சா எது எதுன்னு மறந்துருதுங்க மேடம். இப்படி வெச்சா மனசுல ஓடுதுங்க. தப்புங்களா?"

"தப்பில்லை. கம்ப்யூட்டருக்கு எந்தப் பேரா இருந்தாலும் ஒண்ணுதான்."

"அப்பச் சரிங்க" என்று உட்கார்ந்து தயிர் சாதத்தைத் திறந்தாள். முதல் பெட்டியை நீக்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது. நான் விடையைச் சொல்லவில்லை. அவளாகப் பிடித்துவிடுவாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஞானசேகர் சார் கூப்பிட்டார். சஞ்சித் விஷயம். அவன் தாளாளரின் தங்கை மகன், ரோகிணி வகுப்புதான். முதல் நான்கு பயிற்சியில் இரண்டைத்தான் முடித்திருக்கிறான். கெட்ட பையன் இல்லை. ஊட்டியில் தங்கிப் படித்தவன், கிரிக்கெட் ஆடுவான், வகுப்பில் கேட்டால் மரியாதையாக "தெரியல மேடம்" என்பான்.

"அவனுக்குக் கொஞ்சம் கை குடும்மா. அஞ்சாவது எக்ஸர்சைஸ் முழுசா போகணும். வீட்ல கேக்கறாங்க" என்றார் சார். நான் எழுந்தபோது, "உன் சினாப்சிஸ் ஞாபகத்துல இருக்கு. இந்த மாசம் பாத்துரலாம்" என்றார்.

செப்டம்பர் 18, புதன்

ரோகிணி பிடித்துவிட்டாள். ப்ரோக்ராமை மெயிலில் அனுப்பி, "ஓடுதுங்க மேடம், ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாள். ஓட்டிப் பார்த்தேன். முதல் பெட்டி, நடுப் பெட்டி, கடைசிப் பெட்டி, எதைக் கேட்டாலும் நீக்குகிறது. இப்படி ஒன்றைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

எல்லாப் பெட்டியிலும் ஒரே எண் இருந்தால் என்ன ஆகும், அதையும் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை ஏற்று என்று பதில் போட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

சஞ்சித்துக்கு ஒரு மாதிரி ப்ரோக்ராம் கொடுத்தேன். மாலையே ஏற்றிவிட்டான். துறைத்தலைவர் சொன்ன வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் குழாய்க்கு ஒரு கிளாம்ப் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

அறுபத்தொரு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் ஏற்றிவிட்டார்கள். ரோகிணி காலை 9.40.

செப்டம்பர் 23, திங்கள்

இந்த வருடத்திலிருந்து ஆய்வகப் பயிற்சிகள் எல்லாம் நகல் சோதனைக்குப் போகும் என்று முதல்வர் அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஐந்தாம் பயிற்சியிலிருந்து ஆரம்பமாம். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சோதனை முடிவு வந்துவிட்டது. சஞ்சித்துடையதும் ரோகிணியுடையதும் தொண்ணூற்று மூன்று சதவீதம் ஒன்று.

ஞானசேகர் சார் தாளை என் பக்கம் நகர்த்தினார். "பையன் வியாழக்கிழமை ஏத்தியிருக்கான். அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை. மொதல்ல ஏத்தினவன்கிட்ட இருந்துதான் அப்புறம் ஏத்தினவங்க எடுத்திருக்கணும். அவ்வளவுதானே விஷயம்?"

"ஆமாம் சார்" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முதல்வர் கமிட்டி போடச் சொல்றார். திங்கக்கிழமை வெச்சுக்கலாம்" என்றார்.

மதியம் அஞ்சல்பெட்டியைச் சுத்தம் செய்தேன். நான்காயிரம் மெயில் சேர்ந்து கிடந்தது. ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலை.

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் ரோகிணி வந்தாள். கையில் கமிட்டிக் கடிதம்.

"நான் யாருதையும் பாக்கலைங்க மேடம். அந்தப் பையன்கூட நான் பேசினதே இல்லைங்க."

"தெரியும்" என்றேன்.

"அப்புறம் எப்படிங்க ரெண்டும் ஒண்ணா இருக்கும்?"

லேபில் அவள் மெஷினை அணைக்காமல் போயிருக்கலாம், யாராவது பார்த்திருக்கலாம் என்றேன். அவள் யோசித்தாள். "நான் எப்பவும் அணைச்சுட்டுத்தான் போவேனுங்க" என்றாள். நோட்டுகளை எல்லாம் எடுத்து வரச் சொன்னேன். பயப்படாதே என்றும் சொன்னேன்.

மதியம் சஞ்சித்தும் வந்தான். பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் இருக்கும்.

காலையில் ஆறிப்போன டீ மேசையில் அப்படியே இருந்தது. ஆடை கட்டியிருந்தது. குடித்துவிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

கமிட்டியில் நான்கு பேர். ஞானசேகர் சார், கணிதத் துறை லோகநாதன் சார், முதல்வர் அலுவலகத்திலிருந்து ஒருவர், ஆய்வகப் பொறுப்பாளர் என்பதால் நான்.

வெளியே பெஞ்சில் ரோகிணியின் அப்பா உட்கார்ந்திருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்கதானுங்களா சுகந்தி மேடம்? பாப்பா வீட்டுல உங்களைப் பத்தித்தானுங்க பேசும். நீங்க உள்ள இருக்கீங்கன்னதும்தான் எனக்கு உசுரு வந்துச்சு."

நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இருவரும் தாங்களே எழுதியதாகச் சொன்னார்கள். ரோகிணி நோட்டைக் காட்டினாள். ஓட்டையான தாளை முதல்வர் அலுவலகக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல தேதி இல்லையேம்மா" என்றார்.

லோகநாதன் சார் மட்டும் இரண்டு ப்ரோக்ராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படித்தார். சஞ்சித்தின் தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். ப்ரோக்ராமுக்கு நடுவில் நமக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு வரி அது. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. சத்தமாக வாசித்தார்.

"மொத பொட்டியே போச்சுன்னா தலைய மாத்து."

ஊட்டியில் படித்த பையன் எழுதுகிற வரியா இது? ரோகிணியின் தாளிலும் அதே இடத்தில் அதே வரி இருந்தது. அவள் ப்ரோக்ராம் முழுக்க 'தலை' இருந்தது. இவன் தாளில் அந்த ஒரு வரியில் மட்டும்.

"இது என்ன தம்பி? தலைன்னா எது?" என்று கேட்டார் லோகநாதன் சார்.

சஞ்சித் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஹெட் சார். சும்மா... ஜாலியா எழுதினேன்."

"பசங்க பேசிக்கற பாஷைதானே சார். பேரா முக்கியம்?" என்றார் ஞானசேகர் சார். லோகநாதன் சார் அவரைப் பார்த்தார், தாளைக் கீழே வைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதன் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் போர்டுல எழுதட்டும். தெரிஞ்சு போயிடும்" என்றார் முதல்வர் அலுவலகக்காரர்.

சஞ்சித் முதலில் எழுதினான். நான்கு நாளாக மனப்பாடம் செய்திருப்பான். பத்து நிமிடத்தில் தப்பில்லாமல் முடித்தான்.

ரோகிணி பலகையின் வலது மூலையில் பெட்டிகளை வரைந்தாள். பிறகு 'தலை' என்று எழுத ஆரம்பித்தாள். "அதெல்லாம் வேண்டாம்மா, ஒழுங்கா ஸ்டாண்டர்டா எழுது" என்றார் ஞானசேகர் சார். அழித்தாள். 'ஹெட்' என்று எழுதினாள். இரண்டாம் வரியில் எது எது என்று அவளுக்குக் குழம்ப ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. முதல் பெட்டியை நீக்கும் இடம் வந்தது. பெட்டியை முதலில் அழித்துவிட்டு, அடுத்த பெட்டியின் முகவரியை அந்த அழித்த பெட்டியிலேயே தேடினாள். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தப்பு. பதினெட்டாம் தேதியே அவள் தாண்டிவிட்ட தப்பு.

"அது போனதுக்கப்புறம் அட்ரஸ் எங்கேயிருந்தும்மா வரும்?" என்றார் ஞானசேகர் சார், கிட்டத்தட்ட அன்பாக.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பலகையை அல்ல, சாரை அல்ல, என்னை.

"மேடம், உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று முதல்வர் அலுவலகக்காரர் கேட்டார்.

"ஏற்றிய நேரம் பதிவாகியிருக்கிறது" என்றேன்.

முடிவு: ரோகிணிக்கு ஆய்வக அகமதிப்பெண் பூஜ்யம். செய்முறைத் தேர்வு எழுத முடியாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி செய்ய வேண்டும். மதிப்பெண் பட்டியலில் அரியர் என்று நிற்கும். அரியர் இருந்தவர்களை வளாக நேர்காணலுக்குப் பல கம்பெனிகள் கூப்பிடுவதே இல்லை.

நான் வெளியே வரும்போது அவள் அப்பா மறுபடி எழுந்து நின்றார். பாத்ரூம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

இந்த நோட்டில்கூட நான் உண்மையை எழுதவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று பயந்தேன் என்று தெரியவில்லை.

19ஆம் தேதி சஞ்சித்துக்குக் கொடுத்தது ரோகிணியின் ப்ரோக்ராம். என்னிடம் பழைய மாதிரி ஒன்று இருந்தது, ஆனால் அது சீனியர்கள் எல்லோரிடமும் இருக்கிறது, கொடுத்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். புதிதாக எழுத ஒரு மணி நேரம் ஆகும். ரோகிணியின் மெயில் திரையில் திறந்தே இருந்தது. 'தலை'யை 'ஹெட்' ஆக்கினேன், 'அடுத்து'வை 'நெக்ஸ்ட்' ஆக்கினேன். பத்து நிமிடம். கீழே இருந்த அந்தக் குறிப்பு வரி கண்ணில் படவில்லை. பெயர்களை மாற்றியபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாதா? தெரியாதவள் பெயரை ஏன் மாற்றுவாள்?

அவளை வெள்ளிக்கிழமைவரை நிறுத்தி வைத்ததும் நான்தான். அது கெட்ட எண்ணத்தில் இல்லை. அதை மட்டுமாவது நிச்சயமாக எழுதலாம்.

24ஆம் தேதி நான்காயிரம் மெயிலை அழித்தது சுத்தத்துக்காக இல்லை. அழிக்க வேண்டியிருந்தது ரோகிணியின் மெயில் ஒன்றைத்தான். மீதி, அது தனியாகத் தெரியக் கூடாது என்பதற்காக.

26ஆம் தேதி சஞ்சித் வந்தபோது பேசியது இது. "மேடம், அது நீங்க எழுதினதுன்னு நெனச்சேன். ரோகிணியோடதா? கமிட்டில நீங்க குடுத்தீங்கன்னு சொல்லிடட்டுமா? எனக்கு ஜீரோ வந்தாலும் பரவால்ல மேடம், மாமாகிட்ட திட்டு வாங்கிக்கறேன்." அந்தப் பையன் அவ்வளவு தெளிவாகக் கேட்டான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நீயே எழுதினேன்னு சொல்லு. போர்டுல கேப்பாங்க, நல்லா பாத்துட்டு வா" என்றேன்.

அவன் போகும்போது முகம் சரியாக இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பல் விளக்கிக்கொண்டே கேட்டார். துப்பிவிட்டு வந்து, "எழுதிக் குடுத்தா அந்தப் பொண்ணுக்கு மார்க் வருமா?" என்றார்.

"வரலாம்."

"வராமலும் போலாம். உன் வேலை கண்டிப்பாப் போகும். ஆறு வருஷமும் போகும்." முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் வேண்டாம்னு சொல்லல. தெரிஞ்சு செய்யின்னு சொல்றேன்" என்றார்.

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பதினோரு வரி. அதிலும் 'கவனக்குறைவால்' என்று ஒரு சொல்லைப் போட்டேன், அடித்தேன், திரும்பப் போட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

ஞானசேகர் சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யார் குடுக்கச் சொன்னாங்கன்னு இதுல எழுதலையே?"

"இல்லை சார்."

"நல்லது. மார்க் நேத்தே ஏத்தியாச்சும்மா. பல்கலைக்கழக போர்ட்டல் மூடியாச்சு. இப்ப இதை மேல அனுப்பினா என்ன நடக்கும்? உன்னை அனுப்புவாங்க. பையனுக்கும் ஜீரோ போடுவாங்க. அந்தப் பொண்ணு மார்க் திரும்ப வருமா? ஒரு கமிட்டி போட்டு முடிச்சதை எவன் திறப்பான்?"

கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டினார். "வெச்சுக்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசி."

வாங்கிக்கொண்டேன். முதல்வர் அறை ஒரு மாடி மேலே. படிக்கட்டுவரை போனேன். மாணவர்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள். வழி விட்டு ஓரமாக நின்றேன். அவர்கள் போன பிறகும் நின்றேன். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 7, திங்கள்

ரோகிணி இன்றும் வகுப்புக்கு வரவில்லை. சஞ்சித் கடைசி வரிசைக்கு மாறி உட்கார்ந்திருக்கிறான். நான் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிறான். "தெரியல மேடம்"கூட இப்போது சொல்வதில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை விடுமுறை, அதனால் ஆய்வகத்தில் இன்றே பூஜை. அறுபது மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, பேரிக்காய். ஞானசேகர் சார் என் சுருக்க அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லி, நல்ல நாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா அழுதுவிட்டாள்.

அந்தக் கடிதம் கைப்பையில்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்துவிட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

ரோகிணி வந்தாள். மறுபதிவுப் படிவத்தில் ஆய்வகப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டுமாம். மெலிந்திருக்கிறாள். எப்போதும்போல வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா மேடம்?" என்றாள்.

படிவத்தை வாங்கினேன். பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. "ரோகிணி, அந்த ப்ரோக்ராம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க மேடம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த சார் என் வரியப் படிச்சப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. அதை நான் உங்களுக்கு மட்டுந்தான் அனுப்பினேன். வேற யாரும் பாக்கலைங்க. அனுப்பின மெயிலு என் போன்லயே இருக்குதுங்க. அன்னிக்கும் கையிலதான் இருந்துச்சு."

"ஏன் காட்டல?"

அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கோபமாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது எனக்கு இடம் இருந்திருக்கும்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க. அதுக்குத்தான் திரும்பிப் பாத்தேன். நீங்க நேரம் பதிவாயிருக்குதுன்னு சொன்னீங்க. அப்புறம் காட்டினா என்னங்க மேடம், நாலு பேரும் ஒரே பக்கம். அப்பா வேற வெளிய இருந்தாரு. உங்களைப் பத்தி அவருகிட்ட அவ்வளவு சொல்லி வெச்சிருந்தேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்லைங்க. நான்தான் பாத்து எழுதிட்டேன்னு சொல்லிட்டேன்."

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "இதை வெச்சுக்கோ. முதல்வர்கிட்ட குடு. உன் மெயிலையும் காட்டு." நின்றபடியே படித்தாள். பதினோரு வரியையும் படித்தாள்.

"தேதி மூணுன்னு போட்டிருக்குதுங்களே" என்றாள்.

"ஆமாம்."

"இன்னிக்குப் பதினஞ்சுங்க."

கடிதத்தை மேசையில் வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் என் ஸ்டேப்ளரை எடுத்து வைத்தாள். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன். தேதி போடும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, அதையும் போட்டேன்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"மேடம், அடுத்த வருசமும் இந்த லேபு நீங்கதான் எடுப்பீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.